குறை எழுதியவள்

சலவைக்கூடத்துக்கு மேலே குடியிருப்பவர்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. விடிந்ததும் கீழே பாய்லரைப் பற்றவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மாடித் தரை காலைச் சுடும். பத்து மணிக்கெல்லாம் சுவர் வியர்த்துவிடும். ஜன்னலைத் திறந்தால் சோடா நெடி, மூடினால் புழுக்கம். இரண்டில் எது தேவலை என்று அந்த வீட்டில் ஐம்பது வருஷமாக முடிவாகவில்லை. அம்மா திறப்பாள், அப்பா வந்து மூடுவார்.

இப்போது அப்பா மூடுவதில்லை. மூன்று மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கையும் காதும்தான் மிச்சம். கூப்பிட்டால் கண்ணைத் திருப்புவார், சம்மதம் என்றால் இடக்கையைத் தூக்குவார், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார். நாற்பது வருஷம் சலவைக்கூடத்துக்கும் சபைக்கும் பெரியவராக இருந்து எல்லோரையும் வாயாலேயே நிறுத்தி வைத்த மனிதர்.

அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வந்திருந்தாள். ஒரே மகள், வயது நாற்பத்தெட்டு. ஏழு நாவல் எழுதியிருக்கிறாள், வெளியே நல்ல பெயர். கீழே துணி மடிப்பவர்கள் அவளை எழுத்துக்காரி என்பார்கள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இரண்டு வாரத்தில் கிளம்பிவிடலாம் என்று வந்தவள், மூன்று மாதமாகியும் பெட்டியைப் பிரிக்காமல் அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் பாய்லர்காரர் மாடியேறி வந்தார். அப்பாவுக்கு அடுத்தபடி சபையில் அவர்தான். புருவ மயிர் பாதி பொசுங்கிய, நியாயமான மனிதர். நியாயமானவர்களிடம் சிக்கிக்கொண்டால் தப்பிப்பது சிரமம், கெட்டவனிடமாவது சண்டை போடலாம்.

"உக்காருங்க தம்பி," என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அண்ணி. உக்காந்தா சொல்ல வராது, நின்னே சொல்லிடறேன். வர்ற ஓய்வு நாள்ல பெரியவர் முழுக் குறை சொல்லியாகணும். டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? அடுத்த அடி எப்ப வரும்னு சொல்ல முடியாதாம்."

"வாயே வரலையே தம்பி, எங்க போய்ச் சொல்வாரு?"

"வாய் வராதவங்களுக்கு எழுதிப் படிக்கிற வழக்கம் இருக்கே அண்ணி. யாரு எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார்.

"நான் எழுத மாட்டேன் சித்தப்பா. நான் சபையிலயே இல்ல. எனக்கு அந்த நம்பிக்கையும் இல்ல."

"உன் நம்பிக்கையை யாரு கேட்டா? கையெழுத்தைத்தானே கேக்கறோம்."

"சொல்லாமப் போனா என்ன ஆகும்?"

பாய்லர்காரர் தரையைப் பார்த்தார். "முழுக் குறை சொல்லாம ஒரு பெரியவர் போனா, அவர் வீட்டாளுங்க ஒரு மாசத்துல மாடியைக் காலி பண்ணணும். சட்டம் போட்டது உங்கப்பாதான்மா. போன பெரியவர் வீட்டம்மாவை அனுப்புனப்ப அவங்க பாத்திரத்தைத் துணி வண்டியில ஏத்தித் தள்ளிட்டுப் போனவன் நான். அந்தம்மா மகன் இப்ப கீழ இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கான். உங்களுக்கு மட்டும் வேண்டாம்னு நான் சொன்னா, அவன் மூஞ்சியை எப்படிப் பாப்பேன்?"

 அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தச் சபையின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள்தான் சபை. ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்பு, தலையணை உறை, துண்டு வெளுத்துக் கொடுப்பார்கள். வாரம் முழுக்க ஊறப்போட்டு, வேகவைத்து, அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, மடித்து அனுப்பிவிட்டு, ஓய்வு நாள் காலையில் இஸ்திரிக் கூடத்து மேஜைகளை ஓரம் தள்ளி உட்காருவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் செய்த ஒரு குறையை எழுந்து சொல்ல வேண்டும். சொல்லி முடித்துக் கை தூக்கினால் மற்றவர்கள் "கேட்டோம்" என்பார்கள். அதோடு மனசு வெளுத்துவிட்டது என்று அர்த்தம். இந்த வாரம் குறை இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அது பெருமை, எல்லாக் குறையிலும் பெரிய குறை. பெரியவராக இருப்பவர் மட்டும் சாவதற்கு முன்னால் தன் வாழ்நாளிலேயே பெரிய குறையைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முழுக் குறை.

எழுதத் தெரியாதவர்களும் நாலு பேர் முன்னால் வாய் வராதவர்களும் பெரியவர் மகளிடம் வருவார்கள். பதினொரு வயதிலிருந்து அவள்தான் குறை எழுதினாள், அவர்களுக்காக எழுந்து நின்று படித்தவளும் அவள்தான். அவளுடைய தொழில் அங்கேதான் தொடங்கியது, பேட்டிகளில் மட்டும் அதைச் சொல்வதில்லை. ஒரு மனுஷி சும்மா நின்றாலே அவளுக்குள் என்ன குறை இருக்கும் என்று தோண்டிப் பார்க்கிற கண் அந்த வயதிலேயே வந்துவிட்டது. "யார் மேலயாவது கோவமா? பக்கத்து மேஜை அக்காவோட புதுச் சேலையைப் பாத்தப்ப வயிறு எரிஞ்சுதா?" என்று கேட்பாள். வயிறு எரிந்திருக்காது. அவள் கேட்ட பிறகு எரிந்தது போலத் தோன்றும். அதை அழகாக எழுதிவிடுவாள். "போன வாரம் என்னோடது ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க கண்ணு," என்று சில பேர் பூரித்துப் போவார்கள்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு வாரம் கஞ்சியக்கா வந்தாள். கஞ்சி காய்ச்சுகிற அறை அவள் பொறுப்பு. பானையில் கரண்டியை விட்டுத் தூக்கி, ஒழுகுகிற விதத்தைப் பார்த்தே இது விரிப்புக்கு, இது சட்டைக் காலருக்கு என்று சொல்லுவாள். கெட்ட வார்த்தை பேசத் தெரியாது, பொறாமைப்பட நேரம் கிடையாது.

"கோவம் வேண்டாம் கண்ணு. மூணு வாரமா கோவம்தான் போட்டிருக்கு. சிரிக்கிறாங்க. புதுசா ஏதாவது போட்டுவிடு, நான் கஞ்சி இறக்கணும்."

புதுசாகப் போட்டாள். ஹோட்டல் துணியில் இரண்டு தலையணை உறையை வீட்டுக்கு எடுத்துப் போனதாக எழுதினாள். இத்தனூண்டு விஷயம், சுவையாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த வாரமே ஹோட்டல்காரர் இரண்டு உறை குறைகிறது என்று அப்பாவிடம் புகார் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியாது. படித்து முடித்தாள். வேலைக் களைப்பில் அரைத் தூக்கத்தில் இருந்த கஞ்சியக்கா வழக்கம்போலக் கை தூக்கினாள். "கேட்டோம்" என்று யாரும் சொல்லவில்லை.

கஞ்சியக்காவை ஊறல் தொட்டிக்கு மாற்றினார்கள். ஏழு வருஷம். சோடாத் தண்ணீரில் முழங்கை வரை கை. அதைவிடக் கொடுமை மடிப்பு மேஜையில். விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது, எதிர்முனையை இன்னொருத்தர் பிடித்தாக வேண்டும். அவளுக்கு யாரும் எதிர்முனை பிடிக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டு அவள் தனியாக மடித்ததை பெரியவர் மகள் தினமும் பார்த்தாள்.

சபையில் படித்த அன்றைக்கே அப்பாவிடம் போய் அழுதிருந்தாள். "அது நான் இட்டுக்கட்டுனதுப்பா. அக்கா எதுவுமே சொல்லல."

"சபையில படிச்சாச்சு. அவ கை தூக்கிட்டா. கை தூக்குனதுக்கு அப்புறம் அது அவளோடது."

ஒரு மாதம் கழித்து ஹோட்டல்காரர் வந்தார். உறை இரண்டும் அவர்கள் பீரோவுக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்ததாகச் சிரித்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கூடையோடு நின்றிருந்த மகள் அதைக் கேட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவ்வளவுதான், மறுநாள் சாப்பிட்டார்.

கடவுள் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இருக்கிறார், ஆனால் காது கேட்காதவர் என்று தோன்றியது. பத்தொன்பது வயதில் படிக்கப் போகிறேன் என்று வெளியேறியவள், காது கேட்கிற கடவுளைத் தேடிக் கொஞ்ச காலம் அலைந்தாள். விடுதித் தோழியோடு சிலை உள்ள கோயிலுக்குப் போனாள், விளக்கெல்லாம் அழகாக இருந்தது. கண்ணை மூடி உட்காருகிறவர்களோடு இரண்டு வருஷம் உட்கார்ந்தாள், கண்ணை மூடினால் ஊறல் தொட்டிதான் தெரிந்தது. கடைசியில் கடவுளே இல்லை என்கிறவர்களின் கூட்டத்துக்குப் போனாள். அங்கே ஒவ்வொருவரையும் எழுப்பி, நம்பிக்கை எப்போது போனது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னதும் கை தட்டினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சபை அவளை விட்டதா? யாரிடமும் மன்னிப்புக் கேட்க அவளுக்கு நா எழாது, கட்டிய கணவன் அதனாலேயே கசந்து போனான். அவளுடைய நாவல்களில் குறை இல்லாத ஆளே கிடையாது. கருணையுள்ள எழுத்து என்று மதிப்புரை எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கருணை இல்லை, பதினொரு வயதில் பிடித்த பழக்கம்.

பாய்லர்காரர் போன பிறகு அம்மா மொட்டைமாடியிலிருந்து காய்ந்த விரிப்புகளை எடுத்து வந்தாள். படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு நாளைக்கு நாலு விரிப்பு. ஒரு முனையை மகளிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து, இழுத்து உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

"கோவக்காரன்னு எழுதுடி. பொய்யில்லையே? உலகத்துக்கே தெரியும். நாலு வரி எழுதிப் படி. அவரு கை தூக்கட்டும். முடிஞ்சுது கதை."

"எங்கூட வந்துடும்மா. அங்க மூணு ரூம் இருக்கு."

"இருக்கும். காத்தும் வரும், லிஃப்டும் இருக்கும். காலைல எழுந்து நான் யாரோட பேசுவேன்? நீ கதவைச் சாத்திக்கிட்டு எழுதுவ. நான் உன் சோபாவுல உக்காந்து உன் புஸ்தகத்தையா படிக்கிறது? படிச்சேன் ஒண்ணு. அதுல வர்ற அம்மாவுக்கு எதுக்குடி என் மூக்கு?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"இந்தச் சூட்டைத் திட்டிக்கிட்டே அம்பது வருஷம் இருந்துட்டேன். இனிமே என்னால வேற இடத்துல தூங்க முடியாதுடி. எழுதிக் குடுத்துடு கண்ணு."

இனி குறை எழுத மாட்டேன் என்று முப்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிவந்தவள், சாயங்காலம் காகிதத்தோடு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"கோவத்துல பல பேரைப் புண்படுத்தினேன். கட்டின மனைவியைக்கூட நாலு பேர் முன்னால அதட்டினேன்," என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"சரி, வேற." பெருமை என்று எழுதினாள். கண் திறக்கவில்லை. மகளைப் படிக்க விட மறுத்தது என்று எழுதினாள், அதுவும் இல்லை. அவளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஒரு காலத்தில் அவள் எழுதுவதை அவர் சரிபார்ப்பார், வார்த்தை போதவில்லை என்று திருப்பிக் கொடுப்பார். படுத்த பிறகும் அதே வேலை.

"வேற என்னதான் வேணும் உங்களுக்கு? அம்மாவை நடுத்தெருவுல நிறுத்தணுமா?"

அப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. 

"கஞ்சியக்காவா?"

இடக்கை மேலே போனது. நடுங்கிக்கொண்டே போய் அங்கேயே நின்றது. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

இந்த ஒன்றுக்காகத்தானே அவள் வீட்டை விட்டாள், கடவுளை விட்டாள், ஏழு நாவல் எழுதினாள்? அவள் கட்டிலில் நெற்றியை வைத்து அழுதாள். முதல் முறையாக அந்த மனிதர் அவளுக்கு அப்பாவாகத் தெரிந்தார். அப்புறம் நிதானமாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள்.

அம்மா மட்டும் பயந்தாள். "இதைப் படிச்சா எல்லாரும் என்ன கேப்பாங்க? அன்னைக்குத் தூக்குன கை பொய்யின்னா, இன்னைக்குத் தூக்கற கை மட்டும் நிஜமான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும்மா. இது நிஜம்."

 அம்மா கோபத்தைப் பற்றி எழுதிய தாளைத் தரையிலிருந்து எடுத்து நீவி, மகளின் கைப்பைக்குள் வைத்தாள். "எதுக்கும் இருக்கட்டும்."

ஓய்வு நாள் காலை அப்பாவை நாற்காலியோடு துணி ஏற்றும் லிஃப்டில் இறக்கினார்கள். இஸ்திரிக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். பாய்லர் அணைந்திருந்தும் சூடு போகவில்லை. கஞ்சியக்கா முன்வரிசையில் இருந்தாள். எழுபது வயது. தண்டனை முடிந்து சபை அவளை மறுபடி சேர்த்துக்கொண்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. மடியில் கிடந்த விரல்களில் நகம் என்று எதுவும் இல்லை.

எழுத்துக்காரி எழுந்து நின்றாள். 

"முப்பத்து மூணு வருஷத்துக்கு முன்னால கஞ்சி அறையில வேலை பாத்த அக்கா, ரெண்டு தலையணை உறை எடுத்ததா இங்க படிச்சாங்க. அக்கா எடுக்கல. அது என் மகள் இட்டுக்கட்டினது. எனக்குத் தெரிஞ்சும் நான் மறைச்சேன்."

கை தூக்குவது கடைசியில்தான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, அப்போதே தூக்கிவிட்டார். கூடத்தில் சலசலப்பு. ஹோட்டல்காரர் வந்து சொன்னது அடுத்த வரியில் இருந்தது. அவள் அதற்குப் போவதற்குள் கஞ்சியக்கா எழுந்துவிட்டாள்.

"நிறுத்து கண்ணு. பெரியவர் என்னைக் காப்பாத்தப் பாக்குறாரு. அவரு மனசு அது. போற காலத்துல என் பாவத்தை அவரு சுமக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன்."

"அக்கா, இல்லக்கா..."

"நீ சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்? ஒண்ணை வெட்டி என் பொண்ணு கவுனுக்குக் கை வெச்சுத் தெச்சேன். இன்னொண்ணைப் பயந்துபோய் அடுப்புல போட்டேன். கஞ்சி போட்ட துணி, படபடன்னு எரிஞ்சுது. இப்பவும் அந்தச் சத்தம் காதுல இருக்கு."

அவள் எழுதாத வரிகள். கவுனும் இல்லை, அடுப்பும் இல்லை. கஞ்சியக்கா தானாக எழுதிச் சேர்த்திருந்தாள்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாததை இந்தப் புள்ள எப்படி எழுதிச்சுன்னு அன்னைக்கு ஆடிப்போயிட்டேன். கடவுள்தான் அது கையைப் புடிச்சு எழுத வெச்சாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஏழு வருஷம் தொட்டியில நின்னேன். ஒருத்தரும் எதிர்முனை பிடிக்கல. செஞ்சதுக்குத்தானே அனுபவிக்கிறோம்னு நெனச்சுத்தான் தாங்குனேன். செய்யாததுக்குன்னா நான் அன்னைக்கே பாய்லர்ல விழுந்திருப்பேன் கண்ணு."

 பாய்லர்காரர் எழுந்தார்.

"ஒண்ணு அக்கா சொல்றது நிஜம், இல்ல பெரியவர் சொல்றது நிஜம். அக்கா எடுத்திருந்தா பெரியவர் சொன்னது குறையே இல்ல, அவரோட முழுக் குறை இன்னும் பாக்கி. எழுதுன கை உன்னோடது. நீ சொல்லு, எது நிஜம்?"

பீரோவுக்குப் பின்னால் கிடந்தது என்று ஒரு வரிதான். தாளில் இருக்கிறது, படித்தால் போதும். படித்தால் இந்தக் கிழவிக்கு என்ன மிஞ்சும்? அவள் நகமில்லாத விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இருந்தது. தன் பாவத்தை யாரோ பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள் என்கிற பயம். எழுத்துக்காரி அப்பாவைப் பார்த்தாள். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

"அக்கா சொல்றதுதான் நிஜம்," என்றாள். "என் கைக்கு அது தானா வந்துச்சு, எழுதினேன். அப்பாவுக்கு இப்ப ஞாபகம் தப்புது சித்தப்பா. அவரு கேட்டாருன்னு எழுதிட்டேன்."

கஞ்சியக்கா உட்கார்ந்தாள். அப்பாவின் கை இறங்கி நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டது. அவர் அவளைப் பார்த்த பார்வையை அவள் எந்தப் புத்தகத்திலும் எழுதப் போவதில்லை.

"அப்ப முழுக் குறை?" என்றார் பாய்லர்காரர்.

பெண்கள் வரிசையில் அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கைப்பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தாள். கோவத்துல பல பேரைப் புண்படுத்தினேன் என்று படித்தாள். நன்றாக வந்திருந்தது. இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்பா கை தூக்கவில்லை.

"அவருக்குப் பலம் பத்தல சித்தப்பா. நான் பிடிச்சுக்கலாமா?"

"ஒத்தாசைக்குப் பிடிக்கலாம்மா. தப்பில்ல."

அவள் குனிந்து நாற்காலிப் பிடியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையில் இவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கீழே இழுத்தது. இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது. அழுகிறார் பாவம் என்றார்கள் பின்னால். அவர் இழுக்க இழுக்க அவள் மேலே தூக்கினாள், எல்லோருக்கும் தெரிகிற உயரத்துக்கு.

"கேட்டோம்," என்றது கூடம்.